எண்களால் ஒரு படம்: பிஜிஎம் கோப்பை எழுதுவதும் வாசிப்பதும்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் மாணவருக்குப் பைதனில் ஒரு கோப்பைத் திறந்து பெயர்ப்பட்டியலை வாசிக்கவும், புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுக்கவும் நன்றாகவே தெரியும். படம் என்று வந்தால்தான் கை தயங்குகிறது. யாரோ எழுதிவைத்த லைப்ரரி ஒன்றை இறக்கி, அதனிடம் கோப்பைக் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன நடந்தது என்று பாராமலே அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். லைப்ரரிகள் நல்லவைதான், பிறகு அவை கட்டாயம் தேவைப்படும். ஆனால் அவற்றைத் தொடுவதற்கு முன் ஒரு படக் கோப்பையாவது நாமே எழுதி, நாமே வாசித்துப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு ஒரு பிற்பகல் போதும். அதைச் செய்தவருக்குப் படம் என்பது எண்களின் பட்டியல் என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அப்புறம் அந்த எண்களிடம் கேள்வி கேட்கலாம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு தூரம் பரந்து நிற்கிறது என்பதுகூட அப்படிக் கேட்கக்கூடிய ஒரு கேள்விதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சாம்பல் நிறப் படத்தில் நிறம் இல்லை, வெளிச்சத்தின் அளவு மட்டுமே உண்டு. வயலை வரம்பு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பதுபோல, படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுக்கிறோம். கட்டத்தின் பெயர் பிக்சல். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை, இடையில் உள்ளவை சாம்பலின் படிகள். ஏன் 255? ஒரு பைற்றுக்குள் 0 முதல் 255 வரை 256 எண்களைத்தான் வைக்கமுடியும். ஒரு பிக்சலுக்கு ஒரு பைற்று என்றால் கணக்கும் இலகு, இடமும் வீணாகாது.

இந்த எண்களைக் கோப்பில் போட்டுவைக்க எத்தனையோ வடிவங்கள் உண்டு. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் துண்டுகளாக வெட்டி, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத விவரங்களைக் கழித்துவிட்டுச் சேமிக்கிறது. பிஎன்ஜி எதையும் இழக்காமல் சுருக்குகிறது, ஆனால் அந்தச் சுருக்கத்தை அவிழ்க்கும் செய்நிரலை எழுதுவது தொடக்கக்காரருக்குப் பெரிய வேலை. பிஜிஎம் எதையும் சுருக்குவதில்லை, எதையும் மறைப்பதில்லை. படத்தைச் சாதாரண எழுத்தாக மின்னஞ்சலில் அனுப்புவதற்காக ஜெஃப் பொஸ்கான்ஸர் என்பவர் 1980களில் உருவாக்கிய பிபிஎம் வடிவத்தின் உடன்பிறப்பு அது. பிபிஎம் தனிக் கறுப்பு வெள்ளைக்கு, பிஜிஎம் சாம்பலுக்கு, நிறப்படத்துக்கு மூன்றாவது உறவாக இன்னொன்று. நிறத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

சரி, முதல் படத்தைச் செய்நிரல் எதுவுமே இல்லாமல் கையால் தட்டச்சு செய்வோம். நோட்பாட் போதும்.

பி2
# ட என்ற எழுத்து
6 5
255
255 255 255 255 255 255
255 0 255 255 255 255
255 0 255 255 255 255
255 0 0 0 0 255
255 128 128 128 128 255

முதல் வரியில் நான் 'பி' என்று போட்டிருப்பதை நீங்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தாகத் தட்டவேண்டும், அதோடு ஒட்டியே 2. இது எந்த வகைக் கோப்பு என்பதற்கான அடையாளம். # என்று தொடங்கும் வரி மனிதருக்கான குறிப்பு, கணினி அதைக் கண்டுகொள்ளாது. முதல் தடவை குறிப்பு வரியை விட்டுவிட்டே செய்யுங்கள், சிக்கல் குறையும். அடுத்து அகலம் 6, உயரம் 5. அகலம்தான் முதலில் வரும். அதன்பின் 255, அதாவது இந்தப் படத்தில் வெள்ளைக்குரிய மிகப்பெரிய எண். பிறகு பிக்சல்கள், மேல் நிரையில் தொடங்கி, இடமிருந்து வலமாக, கீழ்நோக்கி. கடைசி நிரையில் உள்ள 128கள் எழுத்தின் நிழல்.

சேமிக்கும்போது பெயரின் முடிவில் பிஜிஎம் என்பதற்குரிய மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளைப் போடுங்கள். நோட்பாட் தன் பாட்டில் இன்னொரு பின்னொட்டைச் சேர்த்துவிடாமல் இருக்க, கோப்பு வகையில் 'எல்லாக் கோப்புகளும்' என்பதைத் தெரிவுசெய்யவேண்டும். கிம்ப் அல்லது இர்ஃபான்வியூவில் திறந்து நன்றாகப் பெருப்பித்துப் பாருங்கள். 'ட' தெரியும். தொலைபேசியின் படத்தொகுப்பில் இது திறக்காமல் போகலாம், அதற்காகக் கோப்பு பிழை என்று எண்ணவேண்டாம்.

'ட'வை நான் வேண்டுமென்றே எடுத்தேன். 'ப'வை இடம் வலமாகத் திருப்பினாலும் 'ப'வாகவே இருக்கும். 'ட'வை எந்தப் பக்கம் திருப்பினாலும் வேறு உருவம் வரும், ஆகவே செய்நிரல் நிரையையும் நிரலையும் மாற்றிப் போட்டால் உடனே கண்ணில் படும். படத்தைச் சதுரமாக வைக்காததும் அதற்காகத்தான். கோப்பில் 6 5 என்பதை 5 6 என்று மாற்றித் திறந்து பாருங்கள். எண்கள் அதே 30தான், ஆனால் நட்டுக்கு நிற்கவேண்டிய கோடு படியிறங்குவதுபோல வலப்பக்கம் சாய்ந்துவிடும். இனி எப்போதாவது உங்கள் படம் இப்படிச் சாய்ந்து தெரிந்தால், அகலத்தில்தான் பிழை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். கோப்புக்குள் நிரையும் இல்லை, நிரலும் இல்லை. 30 எண்கள் வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான். நாம் வசதிக்காகத்தான் வரிவரியாக எழுதினோம். ஒரு பிக்சல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரேயொரு சூத்திரம் போதும்:

இடம் = நிரை × அகலம் + நிரல்

எல்லாவற்றையும் 0 முதல் எண்ணுகிறோம். நிரை 3, நிரல் 4 என்றால் 3 × 6 + 4 = 22. பட்டியலில் 22ஆம் இடத்தில் 0 இருக்கிறது, அதாவது கறுப்பு, 'ட'வின் கால் முடியும் இடம். இந்தச் சூத்திரம் கைவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதையே செய்நிரலால் எழுதுவது மிகச் சிறிய வேலை. கோப்பைத் திற, அடையாளத்தை எழுது, அகலம் உயரம் எழுது, 255 எழுது, பிறகு ஒவ்வோர் எண்ணையும் ஓர் இடைவெளி விட்டு எழுது. வரி ஒவ்வொன்றும் 70 எழுத்துகளைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வடிவத்தின் விதி அப்படி. பைதன் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், அகலம், உயரம், நிரை, நிரல் என்று இங்கே உள்ளபடியே தட்டினாலும் செய்நிரல் ஓடும்.

ஆனால் எண்களை எழுத்தாக எழுதுவது இடத்தைத் தின்னும். 255 என்பதற்கு மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, ஆக நான்கு பைற்று. அதே எண்ணை ஒரேயொரு பைற்றாகவே வைக்கலாமே. அதற்குத்தான் இரண்டாவது வகை இருக்கிறது. அடையாளம் 2க்குப் பதிலாக 5. தலைப்பகுதி முன்போல எழுத்தாகவே இருக்கும், பிக்சல்கள் மட்டும் துவித பைற்றுகளாக வரும், நடுவில் இடைவெளி எதுவும் இருக்காது.

கோப்பைத் துவித முறையில் எழுதத் திற
"பி5" எழுது, புதுவரி
அகலம், ஓர் இடைவெளி, உயரம் எழுது, புதுவரி
255 எழுது, புதுவரி
பட்டியலின் ஒவ்வோர் எண்ணையும் ஒரு பைற்றாக எழுது
கோப்பை மூடு

'ட'வை இப்படி எழுதியபின் கோப்பின் அளவைப் பாருங்கள். முதல் வரிக்கு 3 பைற்று, இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 4, பிக்சலுக்கு 30. சரியாக 41 பைற்று வரவேண்டும். படத்தைத் திறந்து பார்க்கும் முன்பே அளவை வைத்துச் சரிபார்க்கும் இந்தப் பழக்கம் மிக நல்லது. விண்டோஸில் சி மொழியில் எழுதி 44 வந்தால், கோப்பைத் துவித முறையில் திறக்க மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எழுத்து முறையில் திறந்தால் விண்டோஸ் ஒவ்வொரு புதுவரியையும், அதாவது 10 என்ற பைற்றை, 13, 10 என்று இரண்டாக்கிவிடும். தலைப்பகுதியில் மூன்று புதுவரிகள், ஆகவே மூன்று பைற்று கூடுகிறது. படத்துக்குள் 10 என்ற பிக்சல் இருந்தால் அதுவும் இரண்டாகும். அதிலிருந்து படம் முழுவதும் நகர்ந்துபோகும்.

இனி வாசிப்பு. எழுதுவதைவிட இதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் எழுதும்போது எல்லாம் நம் விருப்பம், வாசிக்கும்போது மற்றவர் எழுதியதை ஏற்கவேண்டும். தலைப்பகுதியில் உள்ள சொற்களுக்கிடையே எத்தனை இடைவெளியும் இருக்கலாம், புதுவரியும் வரலாம், # குறிப்பும் வரலாம். கிம்பிலிருந்து வரும் கோப்பில் இரண்டாவது வரியே கிம்பின் பெயரைச் சொல்லும் குறிப்புத்தான். 'இரண்டாவது வரியில் அகலமும் உயரமும் இருக்கும்' என்று நம்பி எழுதிய செய்நிரல் அங்கேயே விழுந்துவிடும். ஆகவே வரியாக வாசிக்காமல், ஒவ்வொரு பைற்றாக வாசித்துச் சொல் சேர்ப்பதே பாதுகாப்பு.

அடுத்த சொல்லை எடு:
சொல் = வெறுமை
கீழே உள்ளதைத் திரும்பத் திரும்பச் செய்:
ஒரு பைற்று வாசி. கோப்பு முடிந்திருந்தால் பிழை என்று சொல்லி நிறுத்து
அது # எனில் வரி முடியும்வரை வாசித்துத் தள்ளு
அது இடைவெளியோ புதுவரியோ எனில், சொல்லில் ஏதாவது இருந்தால் சொல்லைத் திருப்பிக் கொடு
வேறு எதுவானாலும் சொல்லோடு சேர்

இதை நான்கு முறை அழைத்தால் அடையாளம், அகலம், உயரம், மிகப்பெரிய எண் நான்கும் கிடைத்துவிடும். 255 என்ற சொல் முடிந்த இடத்தில் ஒரேயொரு வெற்றுப் பைற்றை மட்டும் விழுங்கிவிட்டு இது நின்றுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த ஒன்றுக்கு அடுத்த பைற்றே முதல் பிக்சல். இங்கே பலர் வழுக்குவார்கள். 'இடைவெளி எல்லாவற்றையும் தாண்டிப் போ' என்று எழுதிவிட்டால் பெரும்பாலான படங்கள் சரியாகவே வரும். ஆனால் இடைவெளிக்குரிய பைற்று 32, புதுவரிக்கு 10, இவை எல்லாம் பிக்சலாகவும் வரக்கூடிய எண்கள். மேல் இடது மூலை இருண்டிருக்கும் ஒரு படத்தில் முதல் பிக்சல் 10 அல்லது 32 ஆக இருந்தால், செய்நிரல் அதை இடைவெளி என்று நினைத்து விழுங்கிவிடும். படம் ஒரு பிக்சல் இடப்பக்கம் நகரும், கடைசியில் ஒரு பைற்று குறையும். வெளிச்சமான படங்களில் சரியாக ஓடி, இருண்ட படத்தில் மட்டும் கெடும் பிழை இது. தேடிப் பிடிப்பது மிகக் கடினம் என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

தலைப்பகுதி முடிந்ததும் அகலம் × உயரம் பைற்றுகளை ஒரே மூச்சில் வாசித்துப் பட்டியலில் போடுங்கள். எதிர்பார்த்த எண்ணிக்கை வரவில்லை என்றால் நிறுத்திப் பிழையைச் சொல்லுங்கள், பாதிப் படத்தோடு தொடரவேண்டாம். சி மொழிக்காரர் குறியில்லாத பைற்று வகையைத்தான் எடுக்கவேண்டும். குறியுள்ள வகையில் 200 என்ற பிக்சல் −56 ஆகிவிடும்.

எண்கள் கைக்கு வந்தபின் செய்வதெல்லாம் கணக்குத்தான். ஒவ்வொரு பிக்சலையும் 255இலிருந்து கழித்து எழுதினால் பழைய புகைப்படச் சுருளைப் போல கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். ஒவ்வொன்றோடும் 40 கூட்டினால் படம் வெளிச்சமாகும். ஆனால் 250உடன் 40 கூட்டினால் 290, அது ஒரு பைற்றுக்குள் அடங்காமல் சுற்றிவந்து 34 ஆகிவிடும். மிக வெளிச்சமான இடம் கருமையாகத் தெரியும். 255ஐத் தாண்டினால் 255 என்றே வை என்று ஒரு வரி சேர்த்தால் சரி.

இப்போது குளத்துக்கு வருவோம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செய்மதிகள் 2015 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. அந்தப் படங்கள் யாருக்கும் இலவசம். அவற்றில் எட்டாவது அலைப்பட்டை கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளிக்குரியது. அதில் ஒரு பிக்சல் தரையில் 10 மீற்றருக்கு 10 மீற்றர். தண்ணீர் இந்த ஒளியை உறிஞ்சிவிடுவதால் குளம் கறுப்பாகத் தெரியும். பச்சைப் பயிர் இதை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் காலபோக நெல் நிற்கும் வயல் வெளிறித் தெரியும். ஒரே அலைப்பட்டை, ஒரே எண் வரிசை, ஆக அது ஒரு சாம்பல் நிறப் படம். நாம் மேலே எழுதிய வாசிப்பு அப்படியே பொருந்தும்.

ஒன்றை மட்டும் சேர்க்கவேண்டும். செய்மதிப் படத்தின் எண்கள் 255ஐத் தாண்டி ஆயிரக்கணக்கில் போகும். பிஜிஎம் இதற்கும் இடம் வைத்திருக்கிறது. தலைப்பகுதியில் உள்ள மிகப்பெரிய எண் 65535 வரை போகலாம், அது 255ஐத் தாண்டினால் ஒவ்வொரு பிக்சலும் இரண்டு பைற்று. பெரிய பைற்று முதலில், சிறியது அடுத்து. 3000 என்பது 11, 184 என்று வரும், ஏனென்றால் 11 × 256 + 184 = 3000. நம் மேசையில் உள்ள பெரும்பாலான கணினிகள் உள்ளே சிறிய பைற்றைத்தான் முதலில் வைக்கின்றன. அந்தப் பழக்கத்தில் மாற்றி வாசித்தால் 184 × 256 + 11 = 47115 என்று வந்து, படம் முழுவதும் புழுதி பறந்ததுபோலத் தெரியும். முதல் பைற்றை 256ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுங்கள், எந்தக் கணினியிலும் சரியாக வரும். செய்மதிக் கோப்பைப் பிஜிஎம் ஆக மாற்ற ஜிடால் என்ற இலவசக் கருவி உதவும்.

6 கிலோமீற்றர் அகலமும் 10 கிலோமீற்றர் உயரமும் உள்ள ஒரு துண்டை வெட்டி எடுத்தால் 600 × 1000, ஆறு இலட்சம் பிக்சல். இரண்டு பைற்றுப்படி கோப்பு 12 இலட்சம் பைற்று. பழைய மடிக்கணினிக்கும் இது ஒரு பாரமே இல்லை.

எந்த எண்ணுக்குக் கீழே தண்ணீர் என்று எடுப்பது? ஊகிக்கத் தேவையில்லை. எந்த எண் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி ஓர் அட்டவணை போடுங்கள். தண்ணீருக்கு இருண்ட பக்கத்தில் ஒரு மேடும், நிலத்துக்கு வெளிச்சப் பக்கத்தில் இன்னொரு மேடும் தெரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் எல்லையை வையுங்கள். அதற்குக் கீழுள்ள பிக்சல்களை எண்ணுங்கள். ஒரு பிக்சல் 100 சதுர மீற்றர், 100 பிக்சல் ஒரு ஹெக்டயர். ஏக்கரில் கேட்டால் ஒரு ஏக்கருக்கு 40 பிக்சலுக்குச் சற்று மேல்.

இந்த எண்ணைக் கையில் எடுத்தவர் சில விடயங்களைத் தெரிந்திருக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முகில் மூடினால் இந்தச் செய்மதிக்குக் குளமே தெரியாது. முகிலின் நிழலும் கருமைதான், அதையும் தண்ணீர் என்று எண்ணிவிடும். தாமரையும் நீர்த்தாவரங்களும் படர்ந்த சிறுகுளம் பச்சை வயலைப்போல வெளிறித் தெரியும், தண்ணீர் இருந்தும் கணக்கில் வராது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது பரப்பு மட்டுமே. துருசடியில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்று படம் சொல்லாது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பது கொள்ளளவை வைத்து, அதற்கு ஆழம் வேண்டும். ஆனாலும் அளவுகோல் நடப்படாத ஒரு சிறுகுளம் போன வருடம் இதே மாதத்தில் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று ஒப்பிட, பரப்பு ஒன்றே பெரிய உதவி.

அந்த ஒப்பீட்டையே ஒரு புதுப் படமாக எழுதிவிடலாம். ஒரே இடத்தை ஒரே அளவில் வெட்டிய இரண்டு படங்களை வாசியுங்கள், ஒன்று மழை முடிந்த தை மாதம், மற்றது சிறுபோகம் முடியும் ஆவணி. ஒவ்வொரு பிக்சலிலும் இரண்டு படத்திலும் தண்ணீர் என்றால் 0 எழுதுங்கள். தையில் மட்டும் தண்ணீர் என்றால் 128. மற்றதெல்லாம் 255. திறந்தால் நடுவில் கறுப்பாகக் குளமும், அதைச் சுற்றிச் சாம்பலாக அலைகரையும், வெளியே வெள்ளையும் தெரியும். சாம்பல் பட்டை குளக்கட்டுப் பக்கம் ஒடுங்கி, எதிர்ப்பக்கம் அகன்றிருந்தால் கணக்குச் சரியான வழியில் போகிறது, ஏனென்றால் கட்டோரம் ஆழம், அலைகரைப் பக்கம் தரை மெல்லச் சரிந்து கிடக்கும். 128 எத்தனை தடவை வந்தது என்று எண்ணி 100ஆல் வகுத்தால், அந்த மாதங்களுக்கிடையில் தண்ணீர் விட்டுப்போன நிலம் எத்தனை ஹெக்டயர் என்று வந்துவிடும்.